சப்ளை வேனில் ஒரு மைக்

அந்த மைக் ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். பழுதாகிப்போன எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரிலிருந்து பிடுங்கியது. முகத்தில் வட்டமாகக் கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். தலைவலித் தைல டப்பாவின் மூடிக்குள் அதை உட்காரவைத்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றில் ஒட்டி, கம்பெனி வேனில் டிரைவரின் நெற்றிக்கு நேரே, வெயில் மறைக்கும் தட்டியில் மாட்டியிருந்தோம். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இப்போது நான் ஓட்டும் காரில் மைக் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு பேசினால் ராயக்கோட்டையில் இருக்கும் என் தங்கைக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் காரை ஓரங்கட்டித் தேடிப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே ஊசி குத்தியதுபோல நாலு ஓட்டை இருந்தது. அதுதானோ என்னவோ. அந்த மொச்சைக்கொட்டையோடு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இந்த நாலு ஓட்டையின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருந்த ஒரு பெரிய வண்டித் தொழிற்சாலைக்குச் சின்னச் சின்னத் தகடு பாகங்கள் அடித்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. அவற்றைக் கொண்டுபோன சப்ளை வேனின் டிரைவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நான் அவரை டிரைவரண்ணா என்பேன். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றிலும் பாரபட்சம் பார்க்காமல் திக்குவார்.

லேசான திக்கல் இல்லை அது. முதல் எழுத்திலேயே நின்றுவிடும். உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். எதிரில் நிற்பவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. அவர் சொல்ல வந்ததை இவர்களே ஊகித்து முடித்துவைப்பார்கள். ஊகம் தப்பாக இருந்தாலும் சரி, அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இதனால் கேட்காத லீவு கிடைத்ததும் உண்டு, கேட்ட லீவு கிடைக்காமல் போனதும் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டெலிபோனில் அவர் பாடு இன்னும் மோசம். ஹலோ என்பதுதான் அவருக்குப் பரம எதிரி. மறுமுனையில் இருப்பவர் நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிடுவார். நான் வைக்க மாட்டேன். என் டெலிபோன் போர்டில் விளக்கு எரிந்து, எடுத்தால் பேச்சில்லாமல் மூச்சு மட்டும் வந்தால் அது டிரைவரண்ணன் என்று எனக்குத் தெரியும். “அவசரமில்லண்ணா, மெதுவா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். கம்பெனியில் அவருக்காகக் காத்திருக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் சரளமாகப் பேசக்கூடியவர் என்பதை ஒரு மழைநாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று கம்பெனி பஸ் படுத்துவிட்டது. சப்ளை வேன் ஏதோ சாமான் எடுக்க ராயக்கோட்டை போவதாக இருந்ததால், வழியில் உத்தனப்பள்ளியில் இருந்த என் வீட்டில் என்னை இறக்கிவிடச் சொன்னார்கள். ஊர் எல்லை தாண்டியதும் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். “இந்த ரோடு பரவால்லம்மா. தளிப்பக்கம் பனி எறங்கிச்சின்னா ஒண்ணுமே தெரியாது. ஒருக்கா பூ லோடு ஏத்திகினு வந்தேன். முன்னாடி போன மாட்டுவண்டில லாந்தர் தொங்குச்சு. அதப் பாத்துகினே பின்னாடியே வந்து சேந்தேன்.” ஒரு எழுத்துகூட நிற்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்த லாரி வழியை மறித்தது. வேன் நின்றது. பேச்சும் நின்றது. என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்து, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தார். லாரி நகர்ந்து, வேன் நகர்ந்து, கண் மறுபடி ரோட்டுக்குப் போனதும் விட்ட இடத்திலிருந்து சொல் வந்தது.

“ஏண்ணா, வண்டி ஓட்டறப்ப திக்கவே இல்லியே?” என்று கேட்டேவிட்டேன்.

“ரோட்டப் பாத்துகினு இருந்தா தானா வருதும்மா. எதிர்ல ஒரு மூஞ்சி இருந்தாத்தான் நின்னுடுது. வேன விட்டு எறங்குனா நான் ஊமதான்” என்றார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. டயரில் காற்று எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்த உத்தரவு வந்தது. எங்கள் பாகங்கள் நேராக அந்தத் தொழிற்சாலையின் பொருத்துமிடத்துக்கே போகும். வேன் வரத் தாமதமானால் அங்கே வேலை நின்றுவிடும். எல்லைச் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றால் வேன் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்து போன் மேல் போன் வந்து, எங்கள் டெஸ்பாட்ச் மேனேஜரைத்தான் கடித்துக் குதறுவார்கள். அவர் கோயம்புத்தூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. வேனுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்து, செக்போஸ்ட்டுக்கு வந்ததும் எவ்வளவு நேரமாகும் என்று டிரைவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். செல்போன் என்றால் செங்கல்லுக்குத் தம்பி மாதிரி இருந்த காலம். டிரைவரண்ணன் வேனை ஓரமாக நிறுத்தி, அதைக் காதில் வைத்துக்கொண்டு இறுகி நிற்பார். இங்கே எனக்கு மூச்சு மட்டும் கேட்கும். நான் காத்திருந்து வாங்கிச் சொல்வதற்குள் அங்கிருந்து இரண்டு திட்டு வந்து சேர்ந்துவிடும்.

“ஆயுத பூசை வரைக்கும் பாக்கறேன்” என்றார் மேனேஜர் என்னிடம். “அதுக்கு மேல ஆகாது. வேனுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம். இவன லோடிங்ல விட்டுரலாம். சம்பளத்துல கை வைக்க மாட்டேன், பாவம்.”

சம்பளம் போகாது என்று அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கோ, வேன விட்டு எறங்குனா நான் ஊமதான் என்று அந்த மழையில் கேட்ட குரல்தான் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பேசுவதே அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சில மணி நேரம்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு சம்பளத்தை மட்டும் கொடுத்து என்ன செய்ய?

ஓட்டிக்கொண்டே பேச முடிந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மேனேஜர் தன் காரில் வைத்திருந்த பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ செட் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. போனைச் செருகி வைக்கும் தாங்கி, ஒரு சின்னப் பெட்டி, ஒரு ஸ்பீக்கர் எல்லாம் இருந்தன. மைக்கையும் அதன் ஒயரையும் மட்டும் எலி தீர்த்திருந்தது. கேட்டேன், கொடுத்தார். மறுநாள் என் வீட்டு டேப்ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் வயிற்றைக் கிழித்து மைக்கை எடுத்ததும், பற்றவைத்ததும், ஒயர் இழுத்ததும் எல்லாம் டிரைவரண்ணன்தான். வேனில் எந்த ஒயர் எங்கே போகிறதென்று கையால் தடவியே சொல்லக்கூடியவர். என் வேலை போர்டில் உட்கார்ந்து கேட்பது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் நிற்கும் வேனிலிருந்து அவர் கூப்பிட்டு, பேச்சு வராவிட்டால் இருமியாவது காட்டுவார். என் ஜன்னல் வழியே அவர் தெரிவார். கேட்டால் கையைத் தூக்குவேன், கேட்காவிட்டால் உதட்டைப் பிதுக்குவேன்.

மூன்று நாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். முதல் நாள் சத்தமே இல்லை. மைக்கின் இரண்டு காலில் எது எர்த் என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் குரல் வந்தது, ஆனால் எஞ்சினைப் போட்டதும் கூடவே ஒரு சீழ்க்கையும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. பேட்டரி ஒயரோடு சேர்த்து மைக் ஒயரையும் கட்டியதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, கம்பி வலை சுற்றிய ஒயராக மாற்றி, கூரை ஓரமாகத் தனியே கொண்டுவந்தார். மூன்றாம் நாள் நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்டது. என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஸ்பீக்கரைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மைக்கை மேலே ஏற்றியதும் அதுவும் அடங்கியது.

ஹலோ சொல்லவே வேண்டாம் என்று ஏற்பாடு. ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் போதும். விளக்கு எரிந்ததும் நானே, “அண்ணா, எங்க வந்திருக்கீங்க?” என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியதுதான். பூசைக்கு முந்தின நாள் பாகலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். “கோயில் தாண்டிட்டேம்மா. எதிர்ல ஒரு ஆட்டு மந்தை வருது. அந்த ஆட்டுக்காரன் போன்ல பேசறவன் மாதிரி கைய ஆட்டினு வர்றான், என்னப் பாத்து நக்கல் பண்றானோ” என்று அவர் குரல் என் காதில் தெளிவாக விழுந்தது. போர்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் எத்தனையோ குரல் கேட்டவள் நான். அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூசை முடிந்து போகும் முதல் லோடில் தானே என் போர்டு பக்கத்தில் நின்று கேட்பதாக மேனேஜர் சொன்னார்.

தொழிற்பேட்டையில் ஆயுத பூசை என்றால் தீபாவளி பிச்சை வாங்க வேண்டும். மெஷின், மேசை, தராசு, ஸ்பேனர், சைக்கிள் என்று ஒன்று விடாமல் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு வைப்பது ஆபீஸ் பெண்களின் வேலை. என் போர்டுக்கு வைத்த கையோடு வேனுக்கும் போனேன். ஹெட்லைட், ஸ்டியரிங், கியர் கம்பி எல்லாவற்றுக்கும் வைத்தேன். எங்களைக் காப்பாற்றப் போகிற மைக்கை விட மனம் வருமா? கட்டை விரலால் நல்ல சந்தனமாக எடுத்து, அதற்கும் பெரிதாக ஒன்று வைத்தேன். நடுவில் குங்குமம். கையெடுத்து ஒரு கும்பிடும் போட்டேன். டிரைவரண்ணன் எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி வேனை ஒரு சுற்று விட்டு நிறுத்தினார். மறுநாள் விடுமுறை.

அதற்கு அடுத்த நாள் காலையில் முதல் லோடு கிளம்பியது. மேனேஜர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. இருவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். “அண்ணா, எங்க வந்திருக்கீங்க?”

பதில் இல்லை. தூரத்தில் ஏதோ உருள்வதுபோல ஒரு முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வேன் ஓடும் சத்தம்தான் அது. ஆகவே லைன் நன்றாகத்தான் இருக்கிறது, மனிதர்தான் நின்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. மேனேஜர் நிற்பது தெரிந்து பதறிவிட்டார் போலிருக்கிறது. “அவசரமில்லண்ணா. மெதுவா சொல்லுங்க” என்றேன். முனகல். “நான் இருக்கேன். மூச்ச விட்டுட்டு, மெதுவா.” ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். “கொஞ்சம் பொறுங்க சார், வருவார்” என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தொடர்பைத் துண்டித்தார். “நீயும் என்னதான் பண்ணுவ?” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வேன் திரும்பி வந்ததும், சாவியைக் கொடுத்துவிட்டு நாளையிலிருந்து லோடிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் முற்றத்துக்கு ஓடினேன். அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “பரவால்லண்ணா. பதட்டத்துல யாருக்கும் வர்றதுதான்” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. ஒன்றும் வரவில்லை. நான் என் வழக்கப்படி, “மெதுவாண்ணா” என்றேன். அவ்வளவுதான், ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். எஞ்சினைப் போட்டார். ஆள் இல்லாத முற்றத்தில் வேன் சுற்ற ஆரம்பித்தது.

“நான் பேசினேம்மா. செக்போஸ்ட்ல முப்பது வண்டி நிக்குது, முக்கா மணி ஆவும்னு சொன்னேன். நீ மெதுவா சொல்லுங்கன்ன. மறுக்கா சொன்னேன். நீ மூச்ச விடுங்கன்ன. நான் கத்தறேன், நீ கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லினே இருக்க. நான் பேசறது எனக்கே நெஜமான்னு ஆயிப்போச்சு.”

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அதை நம்பவில்லை. மானம் போகிறதே என்று ஒரு பொய் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பரிவாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். மற்றவர்களாவது அவர் சொல்லைத்தான் பாதியில் பறித்தார்கள். நான் முழுதாகச் சொன்னதையே இல்லையென்று ஆக்கினேன். இன்றைக்கும் யாராவது திக்கினால் ‘மெதுவா சொல்லுங்க’ என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிடும். அடக்கிக்கொள்கிறேன்.

வேன் மேற்குப் பக்கம் திரும்பியபோது வெயில் முகத்தில் அடித்தது. தட்டியை இறக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். நானும் பார்த்தேன். மைக் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். என் கட்டை விரல் ரேகைகூடத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். வேன் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாததால் இல்லை, நான் அழ ஆரம்பித்துவிட்டதால். பிறகு அவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். துணிக்குள் ஊறி, குரல் நுழைய வழியில்லாமல் ஓடாகியிருந்தது. அந்தத் துணியையே உரித்து எறிந்துவிட்டு, என் குடையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் புதிதாக ஒட்டினார்.

நேரே மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பொட்டு வெச்சது நீ. ஒத்துக்கறேன். ஆனா அவன் பேசுனான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீயும் கேக்கலியே” என்றார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “சரி, நாளைக்கு ஒரு நடை போகட்டும். அதோட பேச்சில்ல.”

மறுநாள் காலையில் போர்டின் முன்னால் காத்திருந்தேன். விளக்கு எரிந்தது. “அண்ணா, எங்க வந்திருக்கீங்க?”

“செக்போஸ்ட்டுக்கு வர்றேம்மா.” குரல் தெளிவாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. “சொல்லுங்கண்ணா, எவ்ளோ நேரமாவும்? நான் சார்கிட்ட சொல்லிடறேன்.”

“வேணாம்மா. மேனேஜருக்குக் குடு. நானே பேசறேன்.”

மேனேஜர் எடுத்த எடுப்பில் ஹலோ என்பார். அவருக்கு எங்கள் ஏற்பாடு எதுவும் தெரியாது. “வேணாண்ணா, நானே...” என்று ஆரம்பித்தேன்.

“குடும்மா.”

கொடுத்தேன். கொடுத்துவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தேன். ஆபரேட்டர் நினைத்தால் ஒட்டுக்கேட்கலாம், கேட்டதும் உண்டு. அன்று கேட்கவில்லை. மேனேஜர் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. அவர் ரிசீவரை எடுத்து ஏதோ ஒரு சொல் சொன்னது தெரிந்தது. அப்புறம் அவர் வாய் அசையவில்லை. காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றி சுருங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். வந்து எடுத்துக்கொள் என்று கேட்கும் பார்வை. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். போர்டில் அந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அது அணைந்தால் மேனேஜர் வைத்துவிட்டார் என்று அர்த்தம். அணையவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மேனேஜர் ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. அவர் வெளியே வந்து என் மேசையருகில் நின்றார்.

“இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம். அந்தக் கம்பெனிக்குச் சொல்லிடு” என்றார். போகத் திரும்பியவர் நின்று, “ஆரம்பிக்கறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு” என்றார்.

அன்றிலிருந்து அந்த வேனை அவரிடமிருந்து யாரும் கேட்கவில்லை. செக்போஸ்ட்டிலிருந்து தினமும் போன் வந்தது. “மேனேஜருக்குக் குடும்மா” என்பார், கொடுப்பேன். ஆட்டு மந்தை, பனி, மாட்டுவண்டி எதுவும் அதற்குப் பிறகு என் காதுக்கு வரவில்லை. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.